பாவாவின் பித்தக்குழாய்

பிரேம் போடும் என் கடையில், சாமி படங்களுக்குப் பின்னால், தூசி தட்டுகிற கை போகாத ஓர் இடத்தில், இறுக்கி மூடிய ஒரு சின்னப் பிளாஸ்டிக் சீசா இருக்கிறது. அதற்குள் விரல் நீளத்துக்கு ஒரு குழாய். பேனா ரீபிளைவிடக் கொஞ்சம் தடிமன். ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்கும் என்று முனையைப் பார்த்தால் ஊகிக்கலாம். இப்போது அதன் நிறத்துக்குப் பெயர் கிடையாது. மழை விட்ட மறுநாள் சாக்கடைப் பலகையைத் தூக்கினால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்குமே, பச்சையா கறுப்பா என்று முடிவு செய்யாத ஒரு வழுவழுப்பு, அது குழாய்க்குள் உறைந்து கிடக்கிறது. இந்தச் சீசா கடைக்கு வந்த நாளிலிருந்து என் மனைவி அந்த அலமாரியைத் துடைப்பதில்லை. நானும் போன வாரம் வரை அதை வெறுங்கையால் தொட்டதில்லை. துணியால் பிடித்து எடுப்பேன். எடுத்த துணியை உடனே துவைக்கப் போடுவேன். தூக்கிப் போட்டுவிடலாமே என்பார்கள். முடியாது. அது என் அக்கா வீட்டுக்காரரின், எங்கள் வீட்டு வழக்கில் பாவாவின், வயிற்றுக்குள்ளிருந்து வந்தது.

அருவருப்பு எனக்குக் கூடப் பிறந்தது. பாலில் ஆடை மிதந்தால் டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவேன். பஸ்ஸில் பக்கத்து ஆள் தொண்டையைச் செருமினால், அவர் அடுத்து என்ன செய்யப் போகிறார் என்று நினைத்தே என் குடல் புரளும். ஊரில் எனக்குக் கோமாளி என்று பெயர். சாவு வீட்டில்கூட ஓர் ஓரத்தில் நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பேன். தைரியசாலி என்று நினைத்துக்கொள்வார்கள். சுடுகாட்டைத் தாண்டும்போது உரக்கப் பாட்டுப் பாடுகிறவன் எவ்வளவு தைரியசாலியோ அவ்வளவுதான் நானும்.

பாவா மலைக்கோயில் மடப்பள்ளியில் சமையல். அவருடைய அப்பாவும் அங்கேதான் வெந்தார், அவருக்கு முந்தியவர்களும் அங்கேதான். மடப்பள்ளிக்குள் நுழையும்போதே வாயையும் மூக்கையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணியால் மூடிப் பின்மண்டையில் முடிச்சுப் போட்டுக்கொள்வார். படையல் முடிகிற வரை அதை அவிழ்க்கக் கூடாது. உப்புப் பார்க்கக் கூடாது, வாசனை பிடிக்கக் கூடாது, மூச்சுக்காற்றுகூட அண்டாவின் மேல் படக் கூடாது. "மொதல்ல சாமி மூக்கு, அப்புறந்தான் நம்ம மூக்கு" என்பார். நான் அவரோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் பக்தி அல்ல. நான் பார்த்த மனிதர்களில் மிகச் சுத்தமானவர் அவர். நகக்கண்ணில் ஒரு கோடு அழுக்கு இருக்காது. உலகத்தில் அவர் வீட்டுச் சொம்புத் தண்ணீரை மட்டும்தான் நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் குடித்திருக்கிறேன். அப்படிப்பட்ட மனிதரைத் தேடிப் பிடித்து, உலகத்திலேயே அசிங்கமான வியாதி ஒன்று வந்து உட்கார்ந்தது.

மற்ற ஊராக இருந்தால் சீக்கிரம் கண்டுபிடித்திருப்பார்கள். திருத்தணியில் மஞ்சள் என்பது வியாதியின் நிறம் இல்லை. மொட்டை போட்டுச் சந்தனம் அப்பிய தலைகள் தெருவெல்லாம் பறங்கிப் பழங்களாக உருண்டுகொண்டிருக்கும். வேண்டுதல்காரர்களின் வேட்டி மஞ்சள், புடவை மஞ்சள், கையில் கட்டிய கயிறு மஞ்சள். இந்த ஊரில் ஒரு மனிதனின் கண் மஞ்சளாகிறது என்றால் யார் பார்ப்பார்கள்? அக்கா பார்த்தாள். மடப்பள்ளியில் புளியோதரைக்கு மஞ்சள்தூள் கொட்டும்போது பறந்து கண்ணில் விழுந்திருக்கும் என்று சொல்லி, பன்னீர் விட்டுக் கழுவினாள்.

அரிப்புத்தான் முதலில் வந்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும். அந்தச் சுத்தமான மனிதர் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு காலைத் தேய்க்கிற சத்தம் தெருவுக்குக் கேட்கும். பிறகு ஒருநாள் கடைக்கு வந்தார். வாடிக்கையாளர் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, ரகசியம் சொல்வதுபோல் குனிந்தார்.

"மச்சான், காலைல போறது வெள்ளையா போவுது. சுண்ணாம்பு கணக்கா. ஒண்ணுக்குப் போனா டிக்காஷன் மாதிரி கீது."

என் கையில் பாதி தின்ற வடை இருந்தது. "ஏன் பாவா, நான் வடை துன்னுகினு இருக்கறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"துன்னு, துன்னு. உள்ள போறப்ப எனக்கும் வடையாத்தான் போவுது. வெளிய வர்றப்பதான் கலர் மாறிடுது."

அந்த வடையை நான் தின்னவில்லை. இன்றுவரை அதை வாங்கிய டீக்கடையில் வடை வாங்குவதுமில்லை.

காமாலை என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் டாக்டரிடம் போகிற வழக்கம் இல்லை. பள்ளிப்பட்டு தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம், பசரு கொடுக்கிறவர் ஒருவர் இருந்தார். பச்சிலைச் சாற்றைத் தெலுங்கில் பசரு என்பார்கள். பாவாவைக் கூட்டிக்கொண்டு போனேன். புளியமரத்தடியில் வரிசையாக ஜனம் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவர் மூக்கிலும் சாறு விட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் மூக்கிலிருந்தும் மஞ்சளாக, கயிறு கயிறாக, மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஈ. ஈக்களைத் துரத்துகிறவர்கள் துரத்திய கையாலேயே முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். நான் மரத்துக்குப் பின்னால் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வானத்தில் அசிங்கமாக எதுவும் இல்லை.

அடுத்தது கை கழுவுதல். ஏதோ மரப்பட்டைச் சாற்றைக் கையில் தேய்த்துவிட்டு, மேலே சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றினார் அந்தப் பெரியவர். பேசினில் விழுந்த தண்ணீர் மஞ்சளானது. "ஆங், இறங்குது பார்" என்றார். பாவாவின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நைனா, இந்தக் கைக்கும் கொஞ்சம் ஊத்துங்க, கணக்கு சரியா போவட்டும்" என்று என் கையை நீட்டினேன். தேய்த்தார், ஊற்றினார். பாவாவின் தண்ணீர் எலுமிச்சை என்றால், என் தண்ணீர் மாம்பழம். கூட்டம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டிரைவர் கண்ணாடியில் என் கண்ணைப் பார்க்க மூன்று முறை எழுந்து முன்னால் போனேன். கண்டக்டர் திட்டினார். பள்ளிப்பட்டு வருவதற்குள் எனக்கு வலது பக்கம் வலி வந்துவிட்டது. பொதட்டூர்பேட்டை வருவதற்குள் உள்ளங்கை அரித்தது. கடையை மனைவி நடத்துவாளா, விற்றுவிடுவாளா என்பது வரை யோசித்துவிட்டேன். மறுநாள் விடிந்ததும் ரத்தப் பரிசோதனைக்கு ஓடினேன். தனியாகப் போகப் பயம். எனக்குத் தைரியம் சொல்லக் கூட வந்தவர் யார்? பாவா. "ஒண்ணும் இருக்காது மச்சான், நெஞ்சைப் புடிச்சுக்காதே" என்று சொறிந்துகொண்டே என் முதுகைத் தடவினார்.

ரத்தம் எடுத்த பெண் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லண்ணா. உங்க கூட வந்தவர் கண்ணுதான் மஞ்சக் கெழங்கா கீது. அவருக்கு எடுக்கலையா?"

என் கோழைத்தனம் அதன் ஆயுளில் செய்த ஒரே நல்ல காரியம் அது.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன்மேல் ஸ்கேன். எங்களுக்கு வாய்த்தவர் இளவயதுப் பெண் டாக்டர், அவசரமில்லாமல் பேசுகிறவர். படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். கல்லீரலிலிருந்து பித்தம் இறங்கி வருகிற குழாய்கள் ஒரு மரம் போலக் கிளைவிட்டிருக்க வேண்டுமாம். பாவாவின் மரம் இலை உதிர்த்து, கிளைகளும் ஒடிந்து, அங்கங்கே இறுக்கி முடிச்சுப் போட்ட மாதிரி இருந்தது. பல வருடமாகவே கல்லீரல் உள்ளுக்குள் தழும்பேறி இறுகிக்கொண்டிருக்கிறது என்றார். உடம்பே தன் பித்தக்குழாயைப் பகையாளி என்று நினைத்து ரணமாக்கி, ரணம் ஆறி, ஆறிய இடம் சுருங்கி, வழி அடைத்துக்கொள்கிற வியாதி. ஏன் வருகிறது என்று அவர்களுக்கும் சரியாகத் தெரியாது.

"குடிப்பாரா?" என்று அவர் கேட்டபோது அது டாக்டரின் கேள்வி. அதே கேள்வியை எங்கள் சொந்தக்காரர்கள் கேட்டபோது அது கேள்வியாக இல்லை. "மடப்பள்ளியில மூடின துணிக்குள்ள இன்னா இருந்துச்சோ யாரு கண்டா" என்று ஒருவர் என் கடையிலேயே உட்கார்ந்து, நான் வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு சொன்னார். சர்க்கரைப் பொங்கலைச் சாமிக்கு முன்னால் முகர்ந்துகூடப் பார்க்காத மனிதரைப் பற்றி. புளியமரத்தடியில் மூக்கொழுகியதைப் பார்த்தபோது எனக்குக் குமட்டியது உண்மை. ஆனால் இந்தப் பேச்சைக் கேட்ட அன்று குமட்டியதுபோல் அல்ல.

டாக்டர் வழி சொன்னார். வாய் வழியாகக் கேமரா வைத்த ஒரு நீளமான குழாயை இறக்கி, இரைப்பையைத் தாண்டி, பித்தம் குடலில் வந்து விழுகிற சின்ன வாய்க்குள் ஒரு கம்பியை நுழைத்து, சுருங்கிய இடத்தில் ஒரு பலூனை ஊதி விரித்து, திரும்பவும் மூடிக்கொள்ளாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் குழாயை வைத்துவிட்டு வருவார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டாம். சில பேருக்குக் கணையம் வீங்கி வலிக்கலாம், ரத்தம் கசியலாம், காய்ச்சல் வரலாம். "இதனால கல்லீரல் நோய் குணமாகாது. அடைச்ச வழியைத் திறந்து விடறோம், அவ்வளவுதான். அந்தக் குழாயும் அடைக்கும், அடைச்சா உள்ள சீழ் பிடிக்கும். நாங்க சொல்ற நாள்ல வந்து எடுத்தாகணும். மூணு மாசம் தாண்டவே கூடாது" என்றார். பாவா கவனமாகத் தலையாட்டினார். நான் எழுந்து வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். ஒரு நர்ஸ் வந்து, "பேஷண்ட் நீங்களா?" என்று கேட்டாள்.

குறித்த நாள் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அக்கா கொடுக்கவில்லை. ஆனால் மலையில் தருகிற சந்தனத்தை எங்கள் ஊரில் நெற்றியில் பூசி வீணாக்க மாட்டார்கள். கரைத்துக் குடித்தால் தீராத வியாதி இல்லை என்பது நம்பிக்கை. அக்கா ஒரு பாலாடை நிறைய அதைக் கரைத்துப் புகட்டிவிட்டாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த நர்ஸ் திடுக்கிட்டாள்.

"இன்னாம்மா குடுத்தீங்க? ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னனா இல்லையா?"

"சாப்பாடு ஒண்ணும் குடுக்கலைங்க" என்றாள் அக்கா. "சந்தனந்தான்."

மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் விளக்கினார். அக்கா அழுதாள். சிகிச்சை மறுநாளுக்குப் போனது.

மறுநாள் உள்ளே கொண்டுபோகிற நேரத்தில் நர்ஸ் வந்து என் கையில் ஈரத்தோடு ஒரு பஞ்சுப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனாள். பிரித்தேன். பாவாவின் முன்பல் இரண்டு, பிளாஸ்டிக் ஈறோடு. அவருக்குப் பொய்ப்பல் உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். கீழே வைக்க இடமில்லை; தூக்கிப் போட முடியாது; பையில் போட்டால் நெஞ்சுக்குப் பக்கத்தில் கடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. கையை உடம்பிலிருந்து தூரமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். பிரசாதம் கொடுக்கிறேன் என்று நினைத்து ஒரு பெரியவர் கை நீட்டினார்.

வெளியே கொண்டுவந்தபோது பாவா தூங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் எனக்குத் திரையில் படத்தைக் காட்டினார். அடைப்பு திறந்தவுடன் தேங்கியிருந்த பித்தம் குபுகுபுவென்று குடலில் கொட்டுகிற படம். கரும்பச்சை. அழகாகத் திறந்துகொண்டது என்றார். அழகாக! நான் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, பல்லையும் கையிலேயே பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடி, காலையில் குடித்த டீயைக் கொட்டினேன். அதுவும் அழகாகத்தான் வந்தது.

அரிப்பு நின்றது. கண் வெளுத்தது. "கலர் சரியாயிடுச்சு மச்சான்" என்று ஒருநாள் காலையில் பாவா எனக்குப் போன் செய்து அறிவித்தார்; என்ன கலர் என்று நான் கேட்கவில்லை. ஊர் முழுக்க ஒரே பேச்சு: சந்தனம் காப்பாற்றிவிட்டது. ஒருநாள் சிகிச்சை தள்ளிப்போனதே சாமியின் ஏற்பாடு, அந்த ஒரு நாளில் சந்தனம் உள்ளே வேலை செய்துவிட்டது, டாக்டர்கள் திறந்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டு வந்து பூட்டை உடைத்தோம் என்கிறார்கள் என்று அக்கா எல்லோருக்கும் சொன்னாள். சொல்லிச் சொல்லி பாவாவும் நம்பினார். குழாயை எடுக்க வேண்டிய கெடு நெருங்கியபோது ஆடிக் கிருத்திகையும் நெருங்கியது. மடப்பள்ளியை விட்டு வர மாட்டேன் என்றார்.

"பாவா, டாக்டரம்மா சொன்னது ஞாபகம் கீதா இல்லையா?"

"நல்லா எரிஞ்சுகினு இருக்குற அடுப்புலேர்ந்து வெறகை எவனாவது உருவுவானா? உருவுறவன் சமையக்காரனா? திருநாள் முடியட்டும்."

நான் தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன். "மாட்டுச் சந்தையில பல்லு புடிச்சுப் பாக்குறவன் மாதிரி கீறியே" என்று கையைத் தட்டிவிடுவார். ஒருநாள் கண் கொஞ்சம் மங்கலாக இருந்ததுபோல் தெரிந்தது. விளக்கு மஞ்சளாக இருக்கிறது என்று அக்கா சொன்னாள். நான் போய்ப் புது வெள்ளை பல்பு வாங்கிக்கொண்டு வந்து மாட்டிப் பார்த்தேன். அப்போதும் மங்கலாகத்தான் தெரிந்தது. பாவா சிரித்துவிட்டு மலைக்குப் புறப்பட்டுவிட்டார்.

கிருத்திகை அன்று மலை முழுக்கப் பூக்காவடி. மிதிபட்ட சாமந்தியும் வேர்வையும் கற்பூரமும் சேர்ந்து ஒரு புளித்த வாடை. கூட்டத்தில் இடிபட்டு, மடப்பள்ளியின் பின்வாசல் பக்கம் போய் நின்றேன். உள்ளே எங்களை விடமாட்டார்கள். கதவிடுக்கில் அடுப்பின் வெளிச்சம் தெரிந்தது. அந்த அனலுக்கு முன்னால் நின்றுகொண்டு பாவா குளிரில் ஆடிக்கொண்டிருந்தார். ஆள் உயர அடுப்பு எரிகிறது, மனிதருக்குப் பல் அடித்துக்கொள்கிறது. கரண்டியை இன்னொருவர் கையில் கொடுத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல், ஒவ்வொரு அடியாக வெளியே நடந்து வந்தார். வாசற்படியைத் தாண்டினார். கிணற்றடியைத் தாண்டினார். கோயில் சுவர் முடிந்து பாறை தொடங்குகிற இடம் வரை போய், அங்கே உட்கார்ந்தார். நான் ஓடினேன்.

வாய்த்துணி முழுக்க நனைந்து கரும்பச்சையாகியிருந்தது. வாந்தி உள்ளேயே வந்துவிட்டது. மடப்பள்ளித் தரையில் ஒரு சொட்டு விழக் கூடாது என்று, துணிக்குள்ளும் வாய்க்குள்ளுமாக அதை அப்படியே அடக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். கண் மேலே ஏறுகிறது. மூச்சு விட வழியில்லை. முடிச்சை அவிழ்க்க அவர் கை எழும்புகிறது, விரல் நடுங்கி நழுவுகிறது. என்னைப் பார்த்தார்.

பாலில் ஆடையைப் பார்த்தால் டம்ளரைத் தள்ளுகிறவன் நான். அந்த முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. நகத்தால் வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். என் வாயில் பட்டது. கசப்பு என்று நாம் பாகற்காயைச் சொல்வது சும்மா. துணியை உருவியதும் அவர் குபுக்கென்று கொட்டிவிட்டு மூச்சு வாங்கினார். பிறகு கேட்டது இதுதான்:

"உள்ள... எங்கயும் சிந்தலியே?"

"சிந்தல பாவா. எல்லாம் என் சட்டையிலதான் கீது."

அபிஷேகப் பால் இறக்கிவிட்டு நின்ற வண்டியில் காலிக் கேன்களுக்கு நடுவே அவரைக் கிடத்தினோம். புளித்த பால் வாடை, பித்த வாடை, ஆடி வெயில். மலைப் பாதையில் வண்டி நகரவில்லை, காவடிக் கூட்டம். கதவில்லாத பின்பக்கம் வழியாக, உடம்பு தூக்கிப் போட நடுங்கிக்கொண்டிருந்த பாவாவை ஜனம் பார்த்தது. ஒரு பெண்மணி கையெடுத்துக் கும்பிட்டு, "அருள் வந்துகீது, வழி விடுங்க" என்று கத்தினாள். அரோகரா என்று கூட்டம் பிளந்தது. ஒருவர் ஓடிவந்து வேப்பிலையோடு மஞ்சள் தண்ணீரை அவர் தலையில் கொட்டினார். இன்னொருவர், "சாமி, எம் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆவும்?" என்று கேட்டார். "அவருக்கு வந்தது சாமி இல்லய்யா, சீழு" என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. விழாததே நல்லது. சீழ் என்று தெரிந்திருந்தால் வழி விட்டிருப்பார்களா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

கீழே ஆம்புலன்ஸ். சென்னை. அதே டாக்டர். குழாய் அடைத்து, பித்தம் தேங்கி, தேங்கியது அழுகி, விஷம் ரத்தத்தில் ஏறத் தொடங்கிவிட்டது. நாளைக்கு வந்திருந்தால் பேச்சில்லை என்றார். பழைய குழாயை உருவிச் சீழை வடியவிட்டு, திரும்பவும் பலூன், புதுக் குழாய். நான் வராந்தாவில் அந்தப் பச்சைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாகவே இருந்தது. என் பக்கத்தில் உட்கார மற்றவர்கள் அருவருப்படைவதை வாழ்க்கையில் முதல்முறையாக அனுபவித்தேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தால் மாடியே மாறியிருப்பேன். ஒரே யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது: இந்த முறையும் அந்தப் பல்லைக் கொண்டுவந்து கையில் கொடுக்க மாட்டார்களா. கொடுத்தால் அவரை உள்ளே வைத்து ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கொடுத்தார்கள். வாங்கி நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டேன்.

தேறி எழுந்த பாவா, எடுத்த குழாயைப் பார்க்க வேண்டும் என்றார். கழிவில் போட வேண்டிய பொருள், தர முடியாது என்றார் டாக்டர். பாவா விடவில்லை. கடைசியில் ஏதோ மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, சீசாவில் போட்டு மூடி, திறக்கவே மாட்டோம் என்று சொல்ல வைத்துக் கொடுத்தார். பாவா அதை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். முகம் அப்படியே சுளித்துக்கொண்டது. அவருக்கும் அருவருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

"வெறகுன்னு நெனச்சேன் மச்சான். சாம்பல் அடைச்ச புகைக்குழாய். ச்சீ." சீசாவை என் கையில் திணித்தார். "உன் கடையில வை. காமாலைக்குப் பசரு குடிக்கப் போறேன்னு எவனாவது சொன்னா எடுத்துக் காட்டு."

அக்காவுக்கு வேண்டுதல் பாக்கி இருந்தது. வெள்ளித் தகட்டில் செய்த உறுப்பை உண்டியலில் போடுவதாக நேர்ந்திருந்தாள். அடிவாரத்துக் கடையில் போய் நான்தான் கேட்டேன். கண் இருந்தது, கை இருந்தது, கால், வயிறு, தொட்டில், வீடுகூட இருந்தது.

"பித்தக்குழாய் கீதாங்க?"

கடைக்காரர் என்னைத் தெரிந்தவர். நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்தார். இல்லை என்றதும் தகடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்தார். "நாகதோஷத்துக்குப் போடற பாம்பு இது. தலையைக் கிள்ளிட்டு நேரா நீட்டிட்டா குழாய்தான். சாமிக்குத் தெரியாதா?"

தலை கிள்ளிய பாம்பை பாவாவே போய் உண்டியலில் போட்டார். போட்டுவிட்டு இறங்கி வரும்போது, "இதை எடுத்து எண்ணுறவன் இன்னா நெனப்பான்?" என்று சொல்லிச் சிரித்தார். பொய்ப்பல் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் அதை என்னிடம் மறைக்கவில்லை.

பிறகு சில வருடங்கள் அவர் டாக்டர் சொன்ன நாளைத் தவறவிடவே இல்லை. திருநாளோ படையலோ, காலை ரயிலில் நானும் அவரும் போய்விடுவோம். சில முறை பலூன் மட்டும், சில முறை குழாய். ஒவ்வொரு முறையும் நான் முன்கூட்டியே பயந்து, அவர் எனக்குத் தைரியம் சொல்லி, பல்லை என்னிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போவார். மடப்பள்ளியில் மற்றவர்களோடு அளவாக நின்று சமைத்தார். ஆனால் வழியைத் திறந்துவிடலாம், வழி புறப்படுகிற இடம் இறுகிக்கொண்டே போனால் என்ன செய்வது. டாக்டர் முதல்நாளே சொன்னதுதான். வயிற்றில் தண்ணீர் கோத்தது, கால் வீங்கியது, மாற்றுக் கல்லீரலுக்குப் பதிந்து வைத்திருந்தோம், அது வருவதற்குள் முடிந்துவிட்டது. கடைசியாக வைத்த குழாய் அவருக்குள்ளேயே இருந்தது. அதோடுதான் எரித்தோம். பல் இரண்டும் என் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டன. பால் தெளிக்கப் போனபோது எலும்போடு சேர்த்துக் கலசத்தில் போட்டேன். குமட்டவில்லை. எல்லாம் குமட்டி முடிந்திருந்தது.

போன வாரம் ஒருவர் கடைக்கு வந்தார். பொதட்டூர்பேட்டைக்காரர், தன் அம்மாவின் படத்துக்குப் பிரேம் போட வேண்டும் என்றார். கண்ணாடியை அளந்துகொண்டே நிமிர்ந்தேன். கடையில் நான் மாட்டியிருப்பது வெள்ளை பல்புதான். அவர் கண் மஞ்சளாக இருந்தது. கையைக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"கண்ணு இன்னாங்க இப்பிடி கீது?"

"காமாலைங்க. நாளைக்குப் பசரு குடிக்கப் போறேன், பள்ளிப்பட்டு தாண்டி. மூணு வாட்டி குடிச்சா இறங்கிடும்ன்றாங்க."

துணியைத் தேடினேன். கிடைக்கவில்லை. சாமி படங்களை விலக்கி, வெறுங்கையாலேயே சீசாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். குனிந்து பார்த்தவர் சட்டென்று பின்வாங்கி, வாயைப் பொத்திக்கொண்டார்.

"ச்சீ, இன்னாங்க இது அசிங்கமா?"

"எங்க பாவாங்க" என்றேன். "ஒக்காருங்க, சொல்றேன்."